வீரர்கள் சதுக்கத்தில் கண்ணாடியின் குரல்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்த விளையாட்டைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, விரல் நுனியை நனைத்துக்கொண்டு, குவளையின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். முதலில் ஒன்றுமே கேட்காது. ஐந்தாறு சுற்றுக்குப் பிறகு திடீரென்று ஒரு நீண்ட முனகல் எழும். மனிதக் குரலா, காற்றா, இசையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். அது மேசையிலிருந்து வருகிறதா, சுவரிலிருந்து வருகிறதா என்றும் காதுக்குப் பிடிபடாது. “சாப்பாட்டு மேசையில் என்ன விளையாட்டு?” என்று அம்மா அதட்டியதும் நின்றுவிடும்.

அந்தச் சத்தத்தைத்தான் ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஒரு சதுக்கத்தில் தினமும் இரண்டு முறை ஒலிக்க விட்டார்கள். மதியம் 12.30 மணிக்கு ஒரு முறை, மாலை 6.30 மணிக்கு ஒரு முறை. இடம், ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. சதுக்கத்தின் பெயர் ஹெல்டன்பிளாட்ஸ், அதாவது வீரர்கள் சதுக்கம். தொடங்கிய நாள் 2018 மார்ச் 12. படைப்பின் பெயர் ‘குரல்கள்’. உருவாக்கியவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்த சூசன் ஃபிலிப்ஸ் என்ற பெண் கலைஞர்.

இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். குவளையைத் தேய்த்த சத்தம்தானே! ஆனால், அந்தச் சதுக்கத்தில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பு என்ன சத்தம் கேட்டது என்று தெரிந்தால், இந்தச் சின்னச் சத்தத்தின் கனம் புரியும்.

வியன்னாவுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் இந்தச் சதுக்கத்தைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் ஹோஃப்பர்க் அரண்மனையை ஒட்டிய பெரிய புல்வெளி. நடுவே எதிரும் புதிருமாகக் குதிரை மேல் அமர்ந்த இரண்டு சிலைகள். ஒன்று நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட ஆர்ச்டியூக் கார்ல், 1860-இல் வைத்தது. மற்றொன்று துருக்கியரை வென்ற இளவரசர் யூஜின்; 1865-இல் வைத்தது. இந்த இரண்டு படைத்தலைவர்களால்தான் அதற்கு வீரர்கள் சதுக்கம் என்ற பெயர் வந்தது. ஒரு பக்கம் வில் போல் வளைந்து நிற்கிறது ‘புதிய அரண்மனை’ என்ற கட்டடம். 1881-இல் கட்டத் தொடங்கி முதல் உலகப் போருக்குச் சற்று முன்புதான் முடித்தார்கள். ஐந்தாண்டுகள் கழித்து அரசரே இல்லாமல் போய்விட்டார்! கட்டடத்தின் நடுவில், தூண்களுக்கு முன்னால், ஒரு மேல்மாடம் துருத்திக்கொண்டு நிற்கிறது. பிரச்சினை முழுவதும் அந்த மேல்மாடத்தில்தான் இருக்கிறது.

வானொலி, மணி, முழக்கம்

1938 மார்ச் மாதத்தில் அந்த நாடு விழுந்த கதையை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எழுதியிருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, காதால் மட்டும் கேட்டால் அது எப்படி இருந்திருக்கும்?

மார்ச் 11 மாலை. ஜெர்மனியின் மிரட்டலுக்குப் பணிந்து பதவி விலகுவதாக ஆஸ்திரியப் பிரதமர் ஷூஷ்னிக் வானொலியில் அறிவிக்கிறார். நாடு தன் சுதந்திரத்தைப் பற்றித் தானே வாக்களிக்கட்டும் என்று மார்ச் 13-ஆம் தேதிக்கு அவர் ஏற்பாடு செய்திருந்த வாக்கெடுப்பும் அத்தோடு போயிற்று. பேச்சு முடிந்ததும் வானொலியில் ஹெய்டனின் நரம்பிசை ஒலிக்கிறது. அந்த மெட்டுதான் அப்போது ஆஸ்திரியாவின் தேசிய கீதம். அதே மெட்டுதான் ஜெர்மனியின் தேசிய கீதமும்கூட! விழுகிற நாட்டுக்கும் விழுங்குகிற நாட்டுக்கும் ஒரே பாட்டு. இப்படி ஒரு விசித்திரத்தைக் கதையில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

மறுநாள், மார்ச் 12, ஜெர்மன் படைகள் எல்லை தாண்டி வருகின்றன. துப்பாக்கிச் சத்தம் இல்லை. மார்ச் 14-ஆம் தேதி ஹிட்லர் வியன்னாவுக்குள் நுழைகிறார். தேவாலய மணிகள் முழங்குகின்றன. மார்ச் 15 காலை வீரர்கள் சதுக்கத்தில் சுமார் 2 லட்சம் பேர் கூடுகிறார்கள். சிலைகளின் மீதுகூட ஏறி நிற்கிறார்கள். அந்த மேல்மாடத்தில் ஹிட்லர் வந்து நின்று, தான் பிறந்த நாடு இனி ஜெர்மனியோடு இணைந்தது என்று அறிவிக்கிறார். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. அந்த ஆர்ப்பரிப்பு ஒலிப்பதிவாக இன்றும் இருக்கிறது. வார்த்தை புரியாதவர்களுக்கும் அதைக் கேட்டால் வயிற்றைப் பிசையும்.

அன்று பள்ளிகளும் தொழிற்சாலைகளும் மூடப்பட்டன, ஆட்களைத் திரட்டி அழைத்து வந்தார்கள் என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் திரட்டி வந்த கூட்டம் அப்படி மனமார முழங்காது. வியன்னாக்காரர்களில் பெரும்பகுதியினர் வரவேற்றார்கள் என்பதை வரலாற்று ஆசிரியர்கள் இன்று மறுப்பதில்லை.

முழங்கிய நகரத்திலேயே, அந்த முழக்கத்தை அடைத்த ஜன்னலுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். அப்போது ஆஸ்திரியாவில் ஏறக்குறைய 2 லட்சம் யூதர்கள். பெரும்பாலானோர் வியன்னாவில்தான் வாழ்ந்தார்கள். மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், கடைக்காரர்கள், தையல்காரர்கள், இசைக்கலைஞர்கள். படை வந்த ஓரிரு நாளிலேயே அவர்களைத் தெருவுக்கு இழுத்து வந்து மண்டியிட வைத்தார்கள். ரத்தான வாக்கெடுப்புக்காக நடைபாதையில் எழுதியிருந்த சுலோகங்களைக் கையால் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள். ஏப்ரல் 10-ஆம் தேதி இணைப்பை அங்கீகரிக்க ஒரு வாக்கெடுப்பு நடந்தது. யூதர்களுக்கு வாக்கு இல்லை. 99 விழுக்காட்டுக்கு மேல் ஆதரவு என்று அறிவித்தார்கள். ஜூன் மாதம், 82 வயதான சிக்மண்ட் ஃபிராய்ட் லண்டனுக்குப் புறப்பட்டார். அவருடைய நான்கு தங்கைகள் வியன்னாவிலேயே தங்கினார்கள். நால்வரும் நாஜிகளின் முகாம்களில் மாண்டார்கள். நவம்பர் மாதம் ஒரே இரவிலும் மறுநாளிலுமாக வியன்னாவின் யூத வழிபாட்டுத் தலங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை நாசமாயின. உடைந்த கடைக் கண்ணாடிகளால் அந்த இரவுக்கு ‘கண்ணாடி இரவு’ என்றே பெயர் வந்தது. போர் முடிந்தபோது ஆஸ்திரிய யூதர்களில் 65 ஆயிரம் பேர் உயிரோடு இல்லை.

நாற்பது ஆண்டு மௌனம்

போருக்குப் பின்பு என்ன நடந்தது? சத்தமே இல்லை.

1943-இல் மாஸ்கோவில் நேச நாடுகள் ஓர் அறிக்கை வெளியிட்டன. ஹிட்லரின் ஆக்கிரமிப்புக்குப் பலியான முதல் சுதந்திர நாடு ஆஸ்திரியா என்றது அந்த அறிக்கை. போரில் ஜெர்மனியோடு சேர்ந்து பங்கெடுத்ததற்கு ஆஸ்திரியாவுக்குப் பொறுப்பும் உண்டு என்று அதிலேயே இன்னொரு பகுதியும் இருந்தது. முதல் பகுதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவதை வசதியாக மறந்துவிட்டார்கள். ‘நாங்களும் பலியானவர்களே’ என்பது பாடப்புத்தகக் கருத்தாயிற்று. பலியான நாட்டின் தலைநகரில் 2 லட்சம் பேர் எதற்காக ஆர்ப்பரித்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கவில்லை. பெரியவர்கள் சொல்லவும் இல்லை.

1986-இல்தான் அந்த மௌனம் உடைந்தது. ஐக்கிய நாட்டுச் சபையின் தலைமைச் செயலாளராக இருந்த குர்ட் வால்ட்ஹைம் ஆஸ்திரியாவின் அதிபர் தேர்தலில் நின்றார். போர்க்காலத்தில் பால்கன் பகுதியில் ஜெர்மன் படை அதிகாரியாகப் பணியாற்றியதை அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் விட்டுவிட்டது அம்பலமாயிற்று. உலகம் முழுவதும் கண்டனம் எழுந்தது. ஆனாலும் அவர் வென்றார். நாடு இரண்டுபட்டு விவாதித்தது. அப்பனும் பிள்ளையும் சாப்பாட்டு மேசையில் முதல் முறையாக அதைப் பற்றிப் பேசினார்கள், சண்டையும் போட்டார்கள்.

அந்தச் சூட்டில் வந்ததுதான் தாமஸ் பெர்ன்ஹார்டின் நாடகம். 1988 நவம்பர் 4-ஆம் தேதி வியன்னாவின் பர்க் நாடக அரங்கில் மேடையேறியது. நாடகத்தின் பெயரே ‘வீரர்கள் சதுக்கம்’. இந்த நாடகத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால், முப்பது ஆண்டுகள் கழித்து வந்த அந்தக் கண்ணாடிச் சத்தத்துக்கு இது ஏறக்குறைய மூத்த சகோதரம்.

நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து சென்ற ஒரு யூதப் பேராசிரியர், போருக்குப் பின் வியன்னாவுக்குத் திரும்பி வந்து குடியேறுகிறார். வீடு வீரர்கள் சதுக்கத்தைப் பார்த்தபடி இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இணைப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவின்போது, அதே வீட்டு ஜன்னலிலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொள்கிறார். நாடகம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அவருடைய மனைவிக்கு ஒரு நோய். 1938-இல் சதுக்கத்தில் எழுந்த ஆர்ப்பரிப்பு அவர் காதில் மட்டும் ஓயாமல் கேட்கிறது. வேறு யாருக்கும் கேட்பதில்லை. மருத்துவம் பார்த்தும் பயனில்லை. கடைசிக் காட்சியில் குடும்பத்தார் சாப்பிட உட்காருகிறார்கள். முழக்கம் மெல்ல எழுகிறது. இப்போது அரங்கில் இருக்கும் எல்லாருக்கும் அது கேட்கிறது. ஏறிக்கொண்டே போகிறது. மேசையில் மற்றவர்கள் எதுவும் கேட்காததுபோல் சாப்பிடுகிறார்கள். தாங்க முடியாத உச்சத்தில் அந்த அம்மையார் மேசையில் முகம் குப்புற விழுகிறார். திரை விழுகிறது.

நாடகம் மேடையேறும் முன்பே சில பகுதிகள் பத்திரிகைகளில் கசிந்து நாடே கொந்தளித்தது. அரசியல்வாதிகள் தடை கேட்டார்கள். அரங்கின் வாசலில் சாணத்தைக் கொட்டினார்கள். அரங்கேற்ற இரவில் கூச்சலும் கைதட்டலும் போட்டி போட்டுக்கொண்டு வெகு நேரம் நீடித்தன. மூன்று மாதம் கழித்து, 1989 பிப்ரவரியில், பெர்ன்ஹார்ட் காலமானார்.

பிறகு மெல்ல மெல்ல நிலைமை மாறியது. 1991-இல் பிரதமர் ஃபிரான்ஸ் விரானிட்ஸ்கி, ஆஸ்திரியர்களுக்கும் அந்தக் குற்றத்தில் பங்குண்டு என்று நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 1992-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் உயிர் தப்பிய நோபெல் பரிசாளர் எலி வீசல் அதே மேல்மாடத்தில் நின்று பேசினார். 1993 ஜனவரியில் வெளிநாட்டவருக்கு எதிரான பிரசாரத்தைக் கண்டித்து இரண்டரை லட்சம் பேருக்கு மேல் மெழுகுவத்தியும் கையுமாக வியன்னாவில் கூடினார்கள். சதுக்கம் அன்றும் நிரம்பியது. இந்த முறை ஆர்ப்பரிப்பு இல்லை.

இறந்தவர்களின் இடம்

2018-இல் இணைப்புக்கு எண்பது வயது. ஆஸ்திரியக் குடியரசுக்கு நூறு வயது. அந்தப் புதிய அரண்மனைக் கட்டடத்திலேயே ‘ஆஸ்திரிய வரலாற்று இல்லம்’ என்ற அருங்காட்சியகம் நவம்பரில் திறப்பதாக இருந்தது. கதவு திறக்கும் முன்பே, மார்ச் மாதத்தில், சதுக்கத்தில் ஏதாவது செய்யவேண்டும் என்று அது விரும்பியது. ஃபிலிப்ஸை அழைத்தது.

யார் இந்த ஃபிலிப்ஸ்? பிரிட்டனின் புகழ்பெற்ற டர்னர் கலைப் பரிசை 2010-இல் வென்றவர். ஒலியால் மட்டுமே அமைந்த படைப்புக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. கடலில் மாண்ட காதலனின் ஆவி திரும்பி வருவதைப் பற்றிய பழைய ஸ்காட்லாந்து ஒப்பாரிப் பாடலைத் தாமே பாடிப் பதிவு செய்து, கிளாஸ்கோவின் கிளைட் ஆற்றுப் பாலங்களுக்கு அடியில் ஒலிக்க விட்டார். அவர் தேர்ந்த பாடகி அல்லர். அந்தத் தேர்ச்சியின்மைதான் அதன் உயிர்.

2012-இல் ஜெர்மனியின் காசல் நகரில் அவர் செய்ததை அறிந்தால் வியன்னா ஏன் அவரைத் தேடிப் போனது என்பது விளங்கும். பாவெல் ஹாஸ் என்ற செக் நாட்டு யூத இசையமைப்பாளர் 1943-இல் டெரசின் முகாமில் கைதியாக இருந்தபோது நரம்பிசைக் குழுவுக்கு ஒரு படைப்பு எழுதினார். கைதிகளே வாசித்தார்கள். நாஜிகள் அதைத் தங்கள் பிரசாரப் படத்தில் காட்டிக்கொண்டார்கள். படமெடுத்து முடிந்ததும், 1944 அக்டோபரில், ஹாஸை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். குழுவை நடத்திய காரல் ஆன்செர்ல் மட்டும் பிழைத்து வந்து இசைக்குறிப்பை மீட்டெடுத்தார். ஃபிலிப்ஸ் அந்த இசையிலிருந்து வியோலா, செல்லோ ஆகிய இரண்டு வாத்தியங்களின் பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டார். மற்ற வாத்தியங்கள் வாசிக்க வேண்டிய இடங்களில் வெறும் மௌனம். அதைக் காசல் ரயில் நிலையத்தின் நடைமேடை ஓரத்தில் ஒலிக்க விட்டார். அந்த நிலையத்திலிருந்துதான் அவ்வூர் யூதர்களை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். பயணிகள் நிற்கிறார்கள், ஒரு செல்லோ இரண்டு சுரம் வாசித்துவிட்டு யாருக்காகவோ காத்திருக்கிறது. பதில் வரவில்லை. அவ்வளவுதான் படைப்பு.

இப்படிப்பட்டவர் வியன்னா சதுக்கத்துக்கு வந்தபோது ஹிட்லரின் குரலைத் தொடவில்லை. கூட்டத்தின் ஆர்ப்பரிப்பையும் தொடவில்லை. அதை வேறு எவராவது செய்திருப்பார்கள். நாளிதழ்களில் பெரிய படமும் வந்திருக்கும். பெர்ன்ஹார்டு ஏற்கெனவே அரங்குக்குள் அதைச் செய்துவிட்டார். திறந்தவெளியில், அதே மேல்மாடத்தின் கீழே, அந்த முழக்கத்தை மீண்டும் எழுப்புவது என்பது வேறு விஷயம். அதைக் கேட்டு நடுங்குகிறவர்களும் இருப்பார்கள். மனத்துக்குள் மகிழ்கிறவர்களும் இருப்பார்கள்.

அவர் தேர்ந்தெடுத்தது கண்ணாடிக் குவளை. நனைந்த விரலால் விளிம்பைத் தேய்த்தெழுப்பிய சுரங்களைப் பதிவு செய்து, ஒலிபெருக்கிகளின் வழியாகச் சதுக்கத்தில் பரவ விட்டார். தலைப்பு ‘குரல்கள்’. ஆனால் அதில் மனிதக் குரல் ஒன்றுகூட இல்லை. தொடக்க நாளில் குடியரசுத் தலைவர் அலெக்ஸாண்டர் வான் டெர் பெல்லனும் வந்திருந்தார். அவரே அகதிப் பெற்றோரின் பிள்ளை.

கண்ணாடி ஏன்? நம் சலதரங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சலதரங்கத்தில் நீர் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களைக் குச்சியால் தட்டுகிறோம். ஒவ்வொரு தட்டும் பிறந்த உடனே தேயத் தொடங்குகிறது. குவளையைத் தேய்ப்பது அப்படியல்ல. விரல் விளிம்பில் ஒட்டுகிறது, வழுக்குகிறது, மறுபடி ஒட்டுகிறது. ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை இப்படி நடக்கிறது. வயலின் கம்பியில் வில் செய்வதும் இதேதான். எனவே விரல் சுற்றும் வரை சுரம் நீண்டுகொண்டே போகும், பாடுபவரின் மூச்சைப் போல. அந்தச் சுரங்கள் பெரும்பாலும் மனிதக் காது திசை கண்டுபிடிக்கத் திணறும் உயரத்தில் அமைகின்றன. எங்கிருந்து வருகிறது என்று தெரியாததற்குக் காரணம் அதுதான்.

இந்தச் சத்தத்துக்கு வியன்னாவோடு பழைய உறவும் உண்டு. அமெரிக்காவின் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1761-இல், கண்ணாடிக் கிண்ணங்களை ஓர் இரும்புத் தண்டில் வரிசையாகக் கோர்த்துக் காலால் மிதித்துச் சுழற்றி வாசிக்கும் கருவியை உருவாக்கினார். அதை ஆர்மோனிகா என்றார்கள். அந்தக் கருவிக்காக மொசார்ட் 1791-இல், தம் வாழ்வின் கடைசி ஆண்டில், ஓர் இசைப்படைப்பு எழுதிக் கொடுத்தார். வாசித்தவர் மரியான் கிர்ஷ்கெஸ்னர் என்ற பார்வையற்ற பெண் கலைஞர். ஆக, மொசார்ட்டின் நகரத்துக்குக் கண்ணாடியின் பாட்டு புதிதல்ல. 1938 நவம்பரில் அதே நகரத்தில் கண்ணாடி வேறு விதமாக ஒலித்தது என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். ஓங்கி அடித்தால் நொறுங்குவதும் கண்ணாடிதான். மெல்லத் தேய்த்தால் பாடுவதும் கண்ணாடிதான்.

சரி, தினமும் இருமுறை ஒலித்ததே, கேட்டவர்கள் யார்? மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய அலுவலக ஊழியர்கள், தேசிய நூலகத்துக்கு வந்த மாணவர்கள், குதிரை வண்டிக்காரர்கள், படம் பிடிக்கும் சுற்றுப்பயணிகள். இன்னொரு கூட்டமும் உண்டு. நாடாளுமன்றக் கட்டடத்தைப் பழுதுபார்க்க வேண்டியிருந்ததால், 2017 முதல் 2022 வரை உறுப்பினர்கள் ஹோஃப்பர்க் அரண்மனையில்தான் கூடினார்கள். அவர்களுக்கான தற்காலிக அலுவலகக் கட்டடங்கள் இதே சதுக்கத்தில் நின்றன. அந்த நாடாளுமன்றத்தில் அப்போது ஆளுங்கூட்டணியில் இருந்தது சுதந்திரக் கட்சி. 1956-இல் அக்கட்சியின் முதல் தலைவராக இருந்தவர் நாஜிகளின் எஸ்எஸ் படையில் அதிகாரியாக இருந்தவர். அதே கட்சி 2024 செப்டம்பர் பொதுத் தேர்தலில் முதல் முறையாக முதலிடம் பிடித்தது; ஆட்சி அமைக்க முடியவில்லை. சட்டம் இயற்றப் போகிறவர்கள் மதிய உணவுக்கு வெளியே வரும்போது இந்த முனகல் காதில் விழுந்திருக்கும். விழுந்து என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

குறை சொல்ல இடமில்லையா? நிறைய இருக்கிறது. விளக்கப் பலகையைப் படிக்காத ஒருவருக்கு அது ஏதோ மர்மப்படத்தின் பின்னணி இசை. 65 ஆயிரம் பேர் கொலையுண்ட கதையைச் சொல்ல ஒரு குவளைச் சத்தம் போதுமா என்று கேட்டால், போதாது. அழகாக இருப்பதே அதன் ஆபத்தும்கூட. இதமாக ஒலிக்கும் துக்கம் யாருடைய தூக்கத்தையும் கெடுப்பதில்லை. பெயர்கள் வேண்டும் என்று கேட்டவர்களின் பக்கமும் நியாயம் இருந்தது. அது பின்னர் நடந்தது. 2021 நவம்பரில் வியன்னாவின் ஆஸ்டாரிச்சி பூங்காவில் 64 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைக் கல்லில் பொறித்துச் சுவர்களாக எழுப்பினார்கள். உறவினர்கள் வந்து ஒரு பெயரைத் தேடி, கண்டுபிடித்து, விரலால் தடவிப் பார்க்கிறார்கள். அந்த வேலையை எந்த ஒலியும் செய்யாது.

ஆனால் கல்வெட்டு செய்ய முடியாத ஒன்றை இது செய்தது. கல்வெட்டைப் பார்க்கவேண்டும் என்று நினைப்பவர்தான் பார்ப்பார். காதுக்கு இமை கிடையாது. அந்த நேரத்தில் சதுக்கத்தைக் கடப்பவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது காதில் நுழையும். தினமும் ஒரே நேரத்தில் வருவதால், அவ்வழியே வேலைக்குப் போகிறவருக்கு அது பழகிப்போகும். ஒருநாள் ஒலிக்காவிட்டால், என்ன ஆயிற்று என்று தோன்றும். ஆஸ்திரியாவிலேயே கிராஸ் நகரில் மேக்ஸ் நியூஹாஸ் என்ற அமெரிக்கக் கலைஞர் 2003-இல் கலைக்கூடம் ஒன்றில் இந்த உத்தியை வைத்தார். ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒரு மெல்லிய ஒலி யாரும் அறியாதபடி வளர்ந்து வந்து சட்டென்று நிற்கும். நின்ற பிறகுதான், அத்தனை நேரம் ஏதோ ஒலித்துக்கொண்டிருந்தது என்பதே உறைக்கும்.

சிங்கப்பூரிலும் இப்படி ஒரு சத்தம் உண்டு. பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினம். 1942-இல் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்த நேரமான மாலை 6.20 மணியை நினைவுகூர்ந்து, அண்மை ஆண்டுகளில் தீவு முழுவதும் அபாயச் சங்கு ஒலித்திருக்கிறது. அதைக் கேட்டதும் எல்லாருக்கும் என்னவென்று தெரியும். தெரியாதவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார். சங்கு நம்மை எச்சரிக்கிறது: தயாராக இரு என்கிறது. தோற்ற நாட்டின் நினைவுக்கு அது பொருத்தம். வியன்னாவின் சிக்கல் வேறு. அங்கே நினைவுகூர வேண்டியது தோல்வியை அல்ல, மகிழ்ச்சியை. தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து கைதட்டிய ஒரு காலை நேரத்தை எந்தச் சங்கால் அறிவிப்பது?

1938-இல் அந்தப் புல்வெளியில் இருபது வயதில் நின்றவர் 2018-இல் உயிரோடிருந்தால் நூறு வயது. முழக்கமிட்டவர்களின் காதும் போயிற்று. ஜன்னலை அடைத்துக்கொண்டவர்களின் காதும் போயிற்று. பெர்ன்ஹார்டின் நாடகத்தில் ஒரே ஒருவர் காதில் கேட்டதை, ஃபிலிப்ஸ் கண்ணாடியில் எழுப்பி எல்லார் காதிலும் போட்டார். நாடகத்தில் அது உச்சத்துக்கு ஏறி ஒருவரை வீழ்த்தியது. சதுக்கத்தில் அது ஏறவே இல்லை. சில நிமிடம் நீண்டு, காற்றில் கரைந்து, குதிரைக் குளம்புச் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கும்.

நவம்பரில் அருங்காட்சியகம் திறந்தது. இன்று சதுக்கத்துக்குப் போனால் புல்வெளியும் இரண்டு குதிரைச் சிலைகளும் அப்படியே நிற்கின்றன. நாடாளுமன்றத்தின் தற்காலிகக் கட்டடங்கள் இப்போது இல்லை. அந்த மேல்மாடத்தை என்ன செய்வது, திறந்துவிடுவதா, மூடியே வைப்பதா என்று வியன்னாக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நகர்ந்துவிடுகிறார்கள்.